வெயில் தரும் குளிர்

'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. கொங்கு நாட்டார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. மேற்கே நெடுஞ்சுவராய் நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவ மழையின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ள, பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டுமே நமக்குத் தாராளமாய் வந்து சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி நம் மானாவாரிக் காடுகளின் மீது வெயில் குறைவின்றிப் பொழிகின்றது. இவ்வெயிலைக் கொண்டே குளிரை உண்டாக்கலாம், அக்குளிரில் பச்சிளம் குழந்தைகளின் உயிர் காக்கும் மருந்தைப் பாதுகாக்கலாம் என்று ஒருவர் கூறினால், கேட்போர் வியப்படைதல் இயல்பே. ஆயின் இது கற்பனையன்று. உலகின் பல நாடுகளிலும், நம் நாட்டின் சில மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்ட உண்மை. மலைவாழ் மக்களை அடுத்து வாழும் நம் குடும்பங்கள் இதனைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

குளிரில் வாழும் மருந்து

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டில் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. 1985இல் அது அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக விரிந்தது. காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை முதலிய நோய்களினின்று குழந்தைகளைக் காக்கும் மருந்துகள் அன்று முதல் இலவசமாகவே வழங்கப்பட்டு வருகின்றன. ஐந்து நோய்களை ஒருசேரத் தடுக்கும் 'பென்டாவேலன்ட்' ஊசி 2011 டிசம்பரில் நம் நாட்டில் அறிமுகமானபோது, அதனை முதலில் ஏற்ற இரு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று, மற்றது கேரளம்.

இம்மருந்துகள் மற்ற மாத்திரைகளைப் போன்றவை அல்ல. அலமாரியில் வைத்து ஆறு மாதம் கழித்து எடுத்துக் கொடுக்க இயலாது. உயிர்ப்பொருளிலிருந்து உண்டாக்கப்பட்டமையால், 2 டிகிரிக்கும் 8 டிகிரி சென்டிகிரேடுக்கும் இடைப்பட்ட குளிரிலேயே இவற்றின் ஆற்றல் நிலைத்திருக்கும். தயாரிக்கும் கூடத்தை விட்டுப் புறப்பட்ட நாள் முதல், குழந்தையின் தொடையிலோ தோளிலோ ஊசி ஏறும் நிமிடம் வரை அக்குளிர் அறுபடலாகாது. இத்தொடர் ஏற்பாட்டையே குளிர்ச் சங்கிலி என்கின்றனர். சங்கிலி எங்கு அறுந்தாலும் அறுந்ததே. சென்னையிலும் கோவையிலும் எத்துணைக் கருத்துடன் காத்திருந்தாலும், கடைசி மலையேற்றத்தில் மருந்து வெதும்பினால் அத்தனை உழைப்பும் வீணே.

பெரியம்மை ஒழிந்த வரலாற்றை இங்கு நினைவுகூர்தல் பொருத்தம். அம்மை என்றால் ஊரே அஞ்சி நடுங்கிய காலம் ஒன்றிருந்தது. கொள்ளைநோய்க் காலத்தின் நினைவாகப் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோயில்கள் கோவை நகரில் இன்றும் உள்ளன. அத்தகைய அச்சத்தை விளைத்த நோய்களுள் பெரியம்மை ஒன்றே உலகினின்று முற்றும் துடைக்கப்பட்டது. இந்தியா 1977இல் பெரியம்மை அற்ற நாடென அறிவிக்கப்பட்டது. 1980இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இவ்வெற்றிக்குரிய காரணங்களுள் ஒன்று பலரும் அறியாதது. அம்மை குத்தும் மருந்தை உறையவைத்து உலர்த்தித் தூளாக்கும் முறை கண்டறியப்பட்டிருந்தது. அத்தூள் நம் கோடை வெப்பத்திலும் வாரக்கணக்கில் கெடாது. ஆகவே குளிர்ப்பெட்டி இல்லாத குக்கிராமங்களுக்கும் பையிலிட்டே கொண்டு செல்ல முடிந்தது. ஏனைய தடுப்பு மருந்துகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அவை சென்ற இடமெல்லாம் குளிரும் உடன் சென்றாக வேண்டும்.

குன்னூர் முதல் குக்கிராமம் வரை

தடுப்பு மருந்து நமக்கு அயலானதன்று. 1907ஆம் ஆண்டில் நம் நீலமலையின் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. அதற்கு முன் வெறிநாய் கடித்தவர்கள், இந்நாட்டிலேயே சிகிச்சை பெறுவதாயின், 1900இல் தொடங்கப்பெற்ற வடக்கே இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி நிலையத்தை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. நாடு முழுவதற்கும் வேண்டிய முத்தடுப்பு மருந்தின் கணிசமான பகுதி பல ஆண்டுகள் குன்னூரில் உருவாயிற்று. சென்னை கிண்டியிலோ 1948 முதல் காசநோய்த் தடுப்பு மருந்துக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. குளிர்ந்த மலையில் பிறந்த மருந்து, வெப்பமான சமவெளியைக் கடந்து, மீண்டும் ஒரு மலையின் உச்சிக்குச் செல்ல வேண்டியிருப்பது விந்தையே.

அப்பயணம் எவ்வாறு நிகழ்கிறது? மாநிலக் கிடங்கிலிருந்து மண்டலக் கிடங்குக்கும், அங்கிருந்து மாவட்டக் கிடங்குக்கும், பின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் மருந்து வருகின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐ.எல்.ஆர். எனப்படும் பெட்டி ஒன்று இருக்கும். இதன் உட்சுவரைச் சுற்றிலும் பனிக்கட்டி உறைந்திருக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாற் போதும். எஞ்சிய நேரத்தை அப்பனிக்கட்டியே பார்த்துக்கொள்ளும். இதன் மூடி மேற்புறத்தில் அமைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. குடத்து நீரைப் போல் அடியிலேயே தங்கும். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவை முன்புறம் திறந்ததும் குளிரெல்லாம் தரையில் கொட்டிப் போகிறது. இதனாலேயே வீட்டுப் பெட்டிகள் தடுப்பு மருந்துக்கு ஏற்றவை அல்ல.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதைத் தாய்மார் அறிவர். அன்று காலை, கிராம சுகாதார செவிலியர் நான்கு பனிக்கட்டிப் பொதிகளை அடுக்கிய சிறு பெட்டியில் மருந்துக் குப்பிகளை வைத்து எடுத்துச் செல்கின்றார். குலுங்கும் பேருந்திலும் ஜீப்பிலும் அந்நீலநிறப் பெட்டியை மடியில் ஏந்தி அமர்ந்திருக்கும் செவிலியரை மலைப்பாதைகளில் நாம் கண்டதுண்டு. அவர் ஏந்தியிருப்பது பல குடும்பங்களின் எதிர்காலம் எனில் மிகையாகாது.

சூடும் பகை, உறைதலும் பகை

குளிர் வேண்டும் என்றவுடன், எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லதுதானே என்று எண்ணுவோர் உளர். அது தவறு. இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தும் தட்டம்மை மருந்தும் சூட்டைத் தாங்கா. ஆனால் இரண ஜன்னி, கல்லீரல் அழற்சி, ஐந்து நோய்த் தடுப்பு ஆகியவற்றுக்குரிய மருந்துகளோ உறைந்து போனால் கெட்டுவிடும். அவற்றில் கலந்துள்ள அலுமினியச் சேர்மம் உறையும்போது திரண்டு பிரிந்துவிடுகிறது. மீண்டும் உருகினாலும் பழைய ஆற்றல் திரும்புவதில்லை. ஆகவேதான் பனிக்கட்டிப் பொதிகளை உறைபெட்டியினின்று எடுத்தவுடன் மருந்தோடு வைக்கலாகாது. அவை சற்று வியர்த்து, ஆட்டினால் உள்ளே நீர் சலசலக்கும் ஓசை கேட்கும் வரை வெளியில் வைத்திருந்த பின்னரே அடுக்க வேண்டும்.

கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். அதுவே இதிலுள்ள பேரிடர். கெட்ட பாலை மோந்தறியலாம். கெட்ட தடுப்பு மருந்தை அவ்வாறு அறிய இயலாது. ஊசி போடப்படும், அட்டையில் குறிக்கப்படும், தாயும் நிம்மதியுடன் வீடு திரும்புவாள். குழந்தையின் உடலிலோ காப்பு இராது. பின்னொரு நாள் நோய் வந்து தாக்கும்போது, "ஊசி போட்டும் பயனில்லையே" என்ற பேச்சு ஊரில் பரவும். ஒரு மலைக்கிராமத்தில் அந்நம்பிக்கை ஒருமுறை முறிந்தால் அதை ஒட்டவைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

சூட்டைக் காட்டிக் கொடுக்கும் சிறு கருவி ஒன்று 1996 முதல் சொட்டு மருந்துக் குப்பிகளில் இடம்பெற்று, பின்னர் மற்ற மருந்துகளுக்கும் பரவியது. குப்பியின் மேல் ஒரு வட்டம், அதனுள் வெளிறிய சதுரம். வெப்பம் பட்டுப் பட்டு அச்சதுரம் கருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்தை அடைந்துவிட்டால் அம்மருந்தைப் பயன்படுத்தலாகாது. எழுத்தறியாதவரும் கண்டுகொள்ளக்கூடிய எளிய அடையாளம் இது.

மண்ணெண்ணெயும் மின்கலமும்

மின்சாரம் எட்டாத ஊர்களில் என் செய்வது? நெடுங்காலம் உலகெங்கும் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிகளே கைகொடுத்தன. அடியில் விளக்கு எரிய, மேலே குளிர் பிறக்கும் அப்பெட்டிகளைப் பழைய மருந்தகங்களில் கண்டோர் இன்றும் இருக்கலாம். ஆனால் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெயைக் குடித்தன. திரி கருகினால் குளிர் குறையும், தூண்டினால் மிகும். எண்ணெய் தீர்ந்த நாளில் மருந்தும் தீர்ந்தது.

1980களின் தொடக்கத்தில், விண்வெளி ஆராய்ச்சியில் புகழ்பெற்ற அமெரிக்காவின் நாசா நிறுவனம் சூரிய மின்தகடுகளால் இயங்கும் தடுப்பு மருந்துக் குளிர்ப்பெட்டிகளைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தது. பகலில் தகடு தரும் மின்சாரம் மின்கலத்தில், அதாவது பேட்டரியில், சேமிக்கப்பட்டு இரவில் பெட்டியை இயக்கியது. தகடுகள் நன்றாகவே உழைத்தன. குறை பேட்டரியில் இருந்தது. வடிநீர் ஊற்ற வேண்டும். சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். மாற்றப் பணம் இராது. அதற்கும் மேலாக, இருண்ட ஊரில் மின்சாரம் உள்ள ஒரே பொருள் அதுவாயிருந்தமையால், விளக்குக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அதினின்று கம்பி இழுக்கப்பட்டது. சில இடங்களில் பேட்டரியே களவு போயிற்று. ஊராரைக் குறை கூறிப் பயனில்லை. இருட்டில் படிக்கும் குழந்தைக்கு விளக்கும் ஒரு தேவைதானே! தேவை பலவாகவும் மின்சாரம் ஒன்றாகவும் இருந்த இடத்தில், வாய்பேசாத மருந்துக் குப்பியே தோற்றது.

நீரின் நான்கு டிகிரி

இச்சிக்கலை அவிழ்க்க எழுந்த எண்ணம் மிக எளியது. மின்சாரத்தைச் சேமிப்பதற்கு மாறாகக் குளிரையே சேமித்தால் என்ன? 2001ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெப், சுற்றுச்சூழல் இயக்கமான கிரீன்பீஸ் முதலியவை கூடி 'சோலார்சில்' என்ற முயற்சியைத் தொடங்கின. பேட்டரியே இல்லாத குளிர்ப்பெட்டி அதன் விளைவு. கூரைமேல் உள்ள தகடுகள் நேரே கம்ப்ரசரை இயக்குகின்றன. வெயில் உள்ளபோது பெட்டியினுள் பனிக்கட்டி உறைகிறது. இரவு முழுவதும் அப்பனிக்கட்டி உருகி உருகி மருந்தைக் குளிர்விக்கிறது. அடுத்தடுத்து மூன்று நாட்கள் வெயிலே இல்லாவிடினும் குளிர் காக்கப்பட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் விதித்துள்ள அளவுகோல்.

பனிக்கட்டி அருகிலிருந்தால் மருந்து உறைந்துவிடாதா என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் இதற்கு நீரின் இயல்பிலேயே விடை கண்டார். ஏனைய பொருள்களுள் பெரும்பாலானவை குளிரக் குளிரக் கனத்துக்கொண்டே போகும். நீரோ 4 டிகிரியில் மிகக் கனமாக இருந்து, அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் இலேசாகி மேலெழுகின்றது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும், உறைந்த ஏரியின் அடியில் மீன்கள் பிழைத்திருப்பதும் இதனாலேதான். பெட்டியின் மேற்பகுதியில் பனிக்கட்டி மிதக்க, 4 டிகிரி நீர் தானாகவே கீழிறங்கி மருந்தறையைச் சூழ்ந்து நிற்குமாறு அவர் அமைத்தார். 2க்கும் 8க்கும் இடையே நமக்கு வேண்டிய அளவும் அதுவேயன்றோ! விசிறியும் விசையும் இன்றி, படைப்பில் பொதிந்த ஒரு நியதியே மருந்தைக் காக்கின்றது. இம்முறையை நம் நாட்டின் கோத்ரெஜ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தன் மருந்துப் பெட்டிகளில் கையாண்டது.

சத்தீஸ்கர் காட்டும் வழி

நம் நாட்டில் இவ்வகையில் முன்னோடியாகக் கருதத்தக்கது சத்தீஸ்கர் மாநிலம். அடர்ந்த காடுகளும் பழங்குடி மக்களும் நிறைந்த அம்மாநிலத்தின் மரபுசாரா எரிசக்தி நிறுவனம், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தியது. அங்கு குளிர்ப்பெட்டி மட்டுமன்றி, மகப்பேற்று அறையின் விளக்கும், பச்சிளம் குழந்தைக்குச் சூடு தரும் கருவியும் வெயிலால் இயங்கின. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, மின்தட்டுப்பாடுள்ள மற்ற நிலையங்களோடு ஒப்பிட, சூரிய மின்சாரம் உள்ள நிலையங்களில் மாதந்தோறும் நடைபெற்ற மகப்பேறுகள் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. விளக்கு எரியும் இடத்தைத் தேடித் தாய்மார் வருகின்றனர் என்பதே இதன் பொருள். கர்நாடகத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இத்தகைய பணி பரவி வருகின்றது.

நம் மலைகளின் நிலை

இனி நம் பகுதிக்கு வருவோம். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், அம்மின்சாரமே கோவையின் ஆலைகளையும் கிணற்றுப் பம்புகளையும் இயக்கி இந்நாட்டை வளர்த்தது. ஆகவே நம் சமவெளியின் சுகாதார நிலையங்களில் மின்சாரம் இல்லை என்று எவரும் கூற இயலாது. நம்பகமான மின்சாரம் உள்ள இடத்தில் ஐ.எல்.ஆர். பெட்டியே போதும், விலையும் குறைவு. அங்கெல்லாம் பன்மடங்கு விலையுள்ள சூரியப் பெட்டியை வாங்குதல் பொதுப்பணத்தை வீணாக்குவதாகும். எனினும் 2012ஆம் ஆண்டின் மின்வெட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். நாளில் பாதிக்கு மேல் மின்சாரமின்றித் தறிகளும் லேத்துகளும் உறங்கிய காலம் அது. கூரைமேல் சில தகடுகள் இருப்பின் அத்தகைய நாளில் சுகாதார நிலையம் கலங்க வேண்டுவதில்லை.

மலைகளின் கதை வேறு. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பம் மலைப்பாதையில் 27, கொல்லிமலைக்கு 70. கடம்பூரிலும் பர்கூரிலும் தாளவாடியிலும் ஊராளிகளும் சோளகரும், ஆனைமலையில் காடரும் முதுவரும் மலசரும் வாழ்கின்றனர். மலையுச்சிச் சிற்றூர் வரை மின்கம்பி சென்றிருந்தாலும், காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் அல்லது யானை ஒரு கம்பத்தைத் தள்ளினால், சீர்செய்யப் பல நாட்கள் ஆகும். கடம்பூருக்கு அப்பால் மாக்கம்பாளையம் செல்லும் வழியில் காட்டாற்றுப் பள்ளங்களில் நீர் பெருகியபோதெல்லாம் போக்குவரத்து நின்றுபோனதை நெடுங்காலமாய்ச் செய்தித்தாள்கள் எழுதி வந்துள்ளன. புதன்கிழமை வெள்ளம் வந்தால் அவ்வாரத்துத் தடுப்பூசி என்னாவது?

இத்தகைய இடங்களில்தான் சூரியக் குளிர்ப்பெட்டியின் தேவை உள்ளது. ஆயினும் மலைகள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் கருதல் வேண்டும். பர்கூரும் கடம்பூரும் பெரும்பாலும் மழை மறைவுப் பகுதிகள், வெயிலுக்குக் குறைவில்லை. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறோ தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அங்கே ஆனி, ஆடி மாதங்களில் வாரக்கணக்கில் சூரியனைக் காண்பது அரிது. மூன்று நாள் தாங்கும் பெட்டி மூன்று வார மூட்டத்தைத் தாங்குமா? அங்குக் கூடுதல் தகடுகள் வேண்டும். அல்லது மின்கம்பி, சூரியன் இரண்டாலும் இயங்கும் ஏற்பாடு வேண்டும். மரநிழல் படாத கூரையைத் தேர்தலும், குரங்குகள் கம்பிகளை இழுக்காதபடி காத்தலும், தகட்டின் தூசியைத் துடைத்தலும் சிறு செயல்களே. ஆயினும் இவற்றைச் செய்யாமையாலேயே பல இடங்களில் பெரிய திட்டங்கள் பாழாயின.

நாம் செய்யத்தக்கவை யாவை?

திறப்பு விழா நாளில் எல்லாப் பெட்டிகளும் நன்றாகவே இயங்கும். ஐந்தாம் ஆண்டில் கம்ப்ரசர் பழுதானால் யார் மலையேறி வருவார் என்பதே உண்மையான கேள்வி. நாடெங்கும் போகும் பம்புகளையும் மோட்டார்களையும் செய்து தரும் ஊர் நம் கோவை. நம் இளைஞர்களுள் எத்தனையோ பேர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்வினையும் குளிர்பதனக் கலையும் கற்றுத் தேறுகின்றனர். மலைவாழ் இளைஞர் சிலரையும் அவர்களோடு சேர்த்து இப்பெட்டிகளைப் பேணப் பயிற்றுவிப்பின், பெட்டியும் வாழும். ஒரு குடும்பமும் வாழும். மலைப்பகுதிகளில் மருந்தகம் நடத்தும் அருட்சகோதரியரும் தொண்டு நிறுவனத்தாரும் சூரியப் பெட்டி பெற விரும்பின், உலகச் சுகாதார நிறுவனத்தின் தரச்சான்று பெற்றதுதானா என்று பார்ப்பதோடு, பழுது பார்க்கும் பொறுப்பு எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் எழுத்தில் பெறுதல் வேண்டும். விருப்பமுள்ள கொடையாளரும் பெட்டியின் விலையோடு அதன் பத்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்தே கொடுத்தல் முறை.

ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க சிறு கடமையும் ஒன்றுண்டு. குழந்தையின் ஞானஸ்நானச் சான்றிதழைப் பத்திரமாகப் பெட்டியில் வைக்கும் நாம், தடுப்பூசி அட்டையையும் அதனோடு வைத்துப் பேணுவோமாக. ஊசி போடச் செல்லும் நாளில், குப்பியின் மேலுள்ள சதுரத்தைக் காட்டும்படி செவிலியரைப் பணிவுடன் கேட்கலாம். அவர் மகிழ்ந்தே காட்டுவார். தோட்ட வேலைக்கும் செங்கற் சூளைக்கும் நம்மிடம் வந்து தங்கும் மலைவாழ் குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தவணை தவறியிருப்பின், அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அவர்களை அனுப்பிவைப்பதும் நம் பொறுப்பே. ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளாமல் அனுப்புவது இன்னும் சிறந்தது.

2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தையைத் தாக்கியதே நம் நாட்டில் இயற்கையாய்த் தோன்றிய கடைசி இளம்பிள்ளை வாதம். 2014 மார்ச் 27இல் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. சூட்டைச் சற்றும் தாங்காத அச்சொட்டு மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் சுமந்து, பாலைக்கும் பள்ளத்துக்கும் தீவுக்கும் மலைக்கும் கால்நடையாய்ச் சென்ற இலட்சக்கணக்கான எளிய பெண்களின் உழைப்பே அவ்வெற்றியை ஈட்டியது. அவர்கள் தோள்சுமையைச் சற்றே குறைக்க வெயில் முன்வந்து நிற்கின்றது. சமவெளியில் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் அதே ஆற்றலுள்ள மருந்து மலையில் பிறந்த குழந்தைக்கும் கிடைத்தல் வேண்டும். அதற்குரிய அறிவு கைக்கு வந்துவிட்டது. வெயிலும் நம் தலைக்கு மேல் காய்கிறது. மனமும் முயற்சியும் நாம் தரவேண்டியவை.